குலசாமிக்குக் கேம்பிங் கட்டணம்

...கேம்பிங்காம், பேரைப் பார், ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் இருக்கிற குலசாமி சாஸ்தா கோயிலில் ஓலைக் குடில் போட்டு, பொங்கிச் சாப்பிட்டு, படுத்து எழுந்து வருவதற்குப் பேர் கேம்பிங்காம்... கேரளத்து மட்டாஞ்சேரியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சுக்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்த முப்பிடாதிக்குக் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். காலையிலேயே சித்தி மகன் முத்துவேல் திருநெல்வேலியிலிருந்து வாட்ஸப்பில் பேசி அனுப்பிவிட்டான், யக்கா, இனிமே காட்டுக்குள்ள ராத்தங்கணும்னா ஃபாரஸ்ட்டுக்காரங்க ஆளுக்குத் தனி, குடிலுக்குத் தனின்னு கட்டணம் போடப்போறாங்களாம், வெளிமாநிலத்துக்காரங்களுக்கு நாலு மடங்காம், ஆட்சேபம் இருந்தா இன்னைக்குள்ள இந்த நம்பர்ல சொல்லணுமாம்... ஆட்சேபமா, அது வண்டி வண்டியாக இருக்கிறது. சாஸ்தா என்ன லாட்ஜா நடத்துகிறார்? கரடியும் மிளாமானும் கட்டணம் கட்டிவிட்டா அங்கே படுத்திருக்கின்றன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே பூசாரி பாவம் சும்மாதான் இருக்கிறார், நடுவில் வந்து கை நீட்ட இவர்கள் யார்? பிள்ளை ஆனந்தகுமாருக்கு மூன்று வயது முடியப்போகிறது, முதல் மொட்டை சாஸ்தாவுக்கு என்று நேர்ந்து கத்தரிக்கோல் படாமல் வளர்த்த முடி, குடியிருக்கிற சுள்ளிக்கலில் பக்கத்து வீட்டுச் சேச்சி அவனை மோளே மோளே என்று பெண்பிள்ளையாகவே ஆக்கிவிட்டாள், போன ஆடிக்கு லீவு கிடைக்கவில்லை, இந்த ஆடியும் போய்விட்டால் அந்தத் தலையை என்ன செய்வது? புருஷன் சங்கரலிங்கமோ சாயாவை உறிஞ்சிக்கொண்டே, பேசாம இங்கனயே ஒரு சலூன்ல எடுத்துட்டா என்ன என்கிறான். என்னவா? அந்த வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும்.

மத்தியானச் சோற்றுக்கு விட்டதும் படகுத்துறைப் பக்கம் போய் அந்த நம்பருக்கு அடித்தாள். இளங்குரல் ஒன்று, சொல்லுங்க மேடம் என்றது. சொன்னாள். எங்க தாத்தனுக்குத் தாத்தன் குடில் போட்ட இடம் சார் அது, நாங்க காடு பாக்கவா வாறோம், சாமி பாக்க வாறோம், பொழைக்கப் போன எடத்துல ஆதார் அட்ரஸை மாத்துனா நாங்க வெளிமாநிலமா ஆயிருவமா, எங்க சாமிக்கு நாங்க விருந்தாளியா... மூச்சுவிடாமல் சொன்னாள். எழுதிக்கிட்டேன் மேடம், எந்த ஊரு நீங்க? மட்டாஞ்சேரி. அப்ப கேரளாவா? அதே, என்றாள்.

ஆமாம் என்றல்லவா வந்திருக்க வேண்டும்... இங்கே கிட்டங்கியிலும் பஸ்ஸிலும் மீன்கடையிலும் ஆமாம் என்பதற்கு எல்லோரும் சொல்கிற அந்த மலையாள அதே, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இல்லை சார், நான் திருநெல்வேலிக்காரி என்று வாய் எடுப்பதற்குள் அவன், பரவாயில்லையே சேச்சி, தமிழ் நல்லாப் பேசுறீங்களே என்று சந்தோஷமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான். போனைப் பிடித்தபடி நின்றாள். காலையிலிருந்து குறைவில்லாமல் வந்த கோபம் இப்போது எங்கே போய்த் தொலைந்தது, அவனை எதற்குத் திட்டுவது, ஊர் கேட்டான், இவள்தானே சொன்னாள், திருநெல்வேலி என்று ஏன் வரவில்லை, யாராவது வாயைப் பொத்தினார்களா? திரும்ப அடிக்க விரல் போனது. அடித்தால் மறுபடியும் ஊர் கேட்பான்.