பசிக்கவில்லை என்று சொன்ன பிள்ளைகள்

எழுபத்து நான்காம் வருஷம் ஆடி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனம் ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சொல்லும்போது "பாவம், வாத்தியார் ஏமாந்துவிட்டார்" என்று சொல்லி என்னை நல்லவனாக்கி விடுகிறார்கள். அந்தத் தயவு எனக்கு வேண்டாம். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பவுல்துரை. நெசவாளர் தெருவில் இருந்த மிஷன் தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வகுப்பறை, இரண்டு வாத்தியார், ஒரு சமையற்கட்டு. உண்மையில் அந்தச் சமையற்கட்டுதான் பள்ளிக்கூடம். கடல் தாண்டி ஒரு சர்க்கார் அனுப்பிய கோதுமை ரவையும் பால் பவுடரும் சென்னையிலிருந்த ஓர் உதவி அலுவலகம் வழியாக எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மட்டும் அதற்கு வெட்கம் வந்துவிடுமா என்ன? மத்தியானம் சகாயமேரி அந்த ரவையைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றுவாள். அதற்காகத்தான் பிள்ளைகள் வந்தார்கள்.

பட்டுத் தறியில் கரை போடுவதற்கு நெய்கிறவர் பக்கத்தில் ஒரு சின்னக் கை வேண்டும். அந்தக் கையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஒரு வேளைச் சோறாவது மிச்சமாக வேண்டும். தறி நெய்கிற வேடியப்பனின் மகள் ரேணுகாவைச் சேர்க்கப் போனபோது அவள் தாய் பூங்காவனம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மத்தியானம் நீங்க சோறு போடற வரைக்கும் வரட்டும் சார். அத நிறுத்திட்டீங்கன்னா அவங்கப்பன் தறியில குந்த வெச்சிடுவாரு. அப்பறம் என்னாண்ட வந்து கேக்கக்கூடாது."

அந்த அம்மாள் வந்த வருஷம் ரேணுகாவுக்கு எட்டு வயது. கெட்டிக்காரி என்று பொய் சொல்ல மாட்டேன், கணக்கு சுத்தமாக வராது. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு நாள் கூட மட்டம் போட்டதில்லை.

அந்த வருஷம் அந்த நாட்டுச் சர்க்கார் வெளிநாடுகளுக்குத் தரும் உதவியைக் குறைக்கப் போவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வருகிறார், மையங்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவார், தக்க ஏற்பாடு செய்யவும். அவர் மனம் குளிர்ந்தால் நம் கஞ்சி பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தால் இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு நிற்பதுதான் நமக்குத் தெரிந்த மரியாதை. அதுவும் ஆரணிக்கு வருகிறவரைப் பட்டில்லாமல் வரவேற்பதா என்று என் மண்டையில் ஏறிவிட்டது.

தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடியது. கட்டிக்கொள்ளப் பட்டு ஒரு வீட்டிலும் இல்லை. நேராகப் பட்டு வியாபாரி ஸ்ரீபால் நயினாரிடம் போனேன்.

"புடவைங்கள குடுக்கறேன் சார், நல்ல காரியம்தான்" என்றார். "ஆனா ஒரு சொட்டு கஞ்சி படக்கூடாது. பட்டுதுன்னா எந்தக் கடையிலயும் வாங்க மாட்டான். நானே வந்து பக்கத்துல குந்திகினு இருப்பேன்."

தாய்மார்கள் வந்து ஆறு கெஜப் புடவைகளை மடித்து மடித்துப் பாவாடை போலச் சுற்றி ஊக்கு குத்தினார்கள். ரேணுகாவுக்கு வந்தது அவள் அப்பனே நெய்து அந்த வாரம் நயினாரிடம் கொடுத்திருந்த அரக்குப் புடவை. அதற்குள் பெண் காணாமல் போயிருந்தாள், முகம் மட்டும் தெரிந்தது. பூங்காவனம் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் மகளைப் பார் என்று அந்தத் தெருவுக்கே சொல்வது போல நின்றிருந்தாள்.

பட்டில் கஞ்சி சிந்தக்கூடாது என்பதால் அந்த அம்மாள் போன பிறகே ஊற்றுவது என்று முடிவு செய்திருந்தோம். அவர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்றரைக்கு வந்தார். பிள்ளைகளைப் பார்த்துக் கையைத் தட்டினார், படம் எடுத்தார். பிறகு குனிந்து ரேணுகாவிடம் எதையோ கேட்டார். பசிக்கிறதா என்று கேட்கிறார் என்று நான் தமிழில் சொன்னேன்.

வந்தவர் முன்னால் பசி என்று வாய் திறந்தால் வீட்டுக்குக் கேவலம். எங்கள் பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுத்த பாடம். ரேணுகா கையைக் கட்டிக்கொண்டு, "இல்லீங்க, சாப்டுட்டேன்" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். வரிசை முழுக்க அதையே சொன்னது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகாத பிள்ளைகள். எவ்வளவு அடக்கமாகப் பதில் சொல்கின்றன என்று பெருமையாக, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவரும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. இந்த மையத்துப் பிள்ளைகள் பட்டு உடுத்துகிறார்கள். பசி இல்லை என்று அவர்களே தெரிவித்தார்கள். ஆகவே நிறுத்த வேண்டிய மையங்களில் இதையும் சேர்க்கலாம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பேனாவை எடுத்தேன்.

ஆறு பக்கம் எழுதினேன். பட்டு இரவல், பசி நிஜம் என்று எழுதினேன். அப்படியானால் பிள்ளைகளின் உண்மை நிலையைக் காட்டும் புகைப்படங்களை உடனே அனுப்பவும் என்று பதில் வந்தது.

பூங்காவனத்திடம் போய்ச் சொன்னேன்.

"இன்னா சார் சொல்றீங்க? கிழிசல மாட்டி நிக்க வெச்சி படம் புடிக்கணுமா? அவ நாளைக்கு ஒரு எடத்துல போயி வாழப்போற பொண்ணு சார்."

"இந்த ஊர்ல ஒருத்தர் கண்ணுலயும் அது படாதும்மா. கடல் தாண்டிப் போயிடும். கஞ்சி நிக்கக்கூடாதுன்னுதான் கேக்கறேன்."

"உங்க பைபிள் மேல சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் ஸ்டுடியோ ஜெயவேல் கேமராவோடு வந்தான். தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து வாரி, பூ வைத்து அனுப்பியிருந்தார்கள். படம் என்றால் அவர்களுக்கு அதுதான் தெரியும். தலையைக் கலைத்து விடச் சொன்னேன். சகாயமேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பாவத்த நீங்களே செய்ங்க சார்" என்று உள்ளே போய்விட்டாள்.

நானே செய்தேன். பூவை எடுத்தேன், பொட்டை அழித்தேன், வாரிய தலையைக் கலைத்தேன். ரேணுகாவின் சட்டைத் தோள் கிழிந்திருந்ததை அவள் அம்மா சின்னச் சின்னத் தையலாகப் போட்டுச் சேர்த்திருந்தாள். அந்தத் தையலை என் விரலால் பிரித்தேன். இருபது வருஷம் அனா ஆவன்னா எழுதக் கற்றுக்கொடுத்த விரல் இது. அவள் அசையாமல் தோளைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சார், இப்போ கேட்டா பசிக்குதுன்னு சொல்லணுமா?"

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? யாரும் சிரிக்கக்கூடாது என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு ஜெயவேலைப் பார்த்துத் தலையசைத்தேன்.

படங்கள் போயின. தீபாவளிக்கு முன்பே ரவை மூட்டை தீர்ந்துவிட்டது. புது மூட்டை வரும், வந்துகினே இருக்குது என்று வீடு வீடாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பிடித்து வைத்தேன். அப்படியும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பூங்காவனம் என் பேச்சை நம்பி மகளை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து கடிதம் வந்தது. உதவியை வெட்டும் முடிவை அந்த நாட்டுப் பாராளுமன்றம் அந்த அம்மாள் வருவதற்கு முன்பே, மாசி மாதமே எடுத்துவிட்டதாம். ஜில்லாவிலிருந்த எல்லா மையங்களையும் மூடுவது அப்போதே தீர்மானமாம். அந்த அம்மாள் வந்தது மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சடங்குக்காக. அதாவது நாங்கள் பட்டு உடுத்தினாலும் ஒன்றுதான், கிழிசல் உடுத்தினாலும் ஒன்றுதான். கடைசியில் எனக்கு ஒரு நன்றி. தாங்கள் அனுப்பிய படங்கள் மிகவும் உருக்கமாக இருந்தன. அவற்றை அச்சிட்டுப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியதில் சென்னை அலுவலகம் தொடர்ந்து இயங்க வழி பிறந்திருக்கிறது.

நான் அந்தக் கடிதத்தை மடித்து முடிப்பதற்குள் பூங்காவனம் வாசலில் நின்றாள். கையில் ஒரு வண்ணத் தாள். தமிழிலும் அச்சடித்து ஊர் ஊராக மாதா கோயில்களுக்கும் சபைகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் சபைப் பலகையில் ஒட்டியிருந்ததை அவள் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். தாளை நிறைத்துக்கொண்டு ரேணுகா, கிழிந்த தோளோடு.

"கீழ இன்னா எழுதிகிது சார்? படிங்க."

"வேணாம்மா."

"படிங்க."

"உடுத்த உடையில்லை, பசிக்கு உணவில்லை, இந்தக் குழந்தையைக் கேட்பாரும் இல்லை" என்று படித்தேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை.

"கேப்பாரு இல்லியா?" என்றாள். "நான் செத்துட்டனா சார்?"

தாளை என் மேஜையில் வைத்துவிட்டு வகுப்புக்குள் போனாள். ரேணுகாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்தப் பெண் சிலேட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. மூன்று வருஷமாக ஒரு நாள் கூட மட்டம் போடாத பெண். போகாதே என்று சொல்ல வேண்டியவன் நான்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? வழியை விட்டு ஒதுங்கி நின்றேன்.