சுதாவின் மாவும் நான் அடித்த வரிகளும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. வீட்டில் ஃபுட் பிராசசரை நன்றாகப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு மகளிர் இதழில் கட்டுரை கேட்டார்கள். என்னிடம் அந்த மிஷின் கிடையாது. பக்கத்து வீட்டுச் சுதாவிடம் இருக்கிறது என்று குறிப்பெடுக்கப் போனேன். அது மூலையில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. சுதா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து இப்படி ஆரம்பித்தேன்: "மனிதக் கையின் நீட்சியே இயந்திரம் என்பதால்..."

அதற்குமேல் வரவில்லை. அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும்.

2

சுதா யார் என்று சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் தெரு. வெளியூரிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்குச் சாயங்காலம் சப்பாத்தியும் குருமாவும் கட்டிக் கொடுப்பாள். அவள் கணவன் ஜெகனுக்கு நெல் மண்டியில் வேலை. ஏரிக்கரையில் வண்டி சறுக்கி சுதாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். (மாவு பிசைகிறவளுக்கு மாவுக்கட்டு. நான் சிலேடை தேடவில்லை, எலும்பு டாக்டர் போட்டது.)

சப்பாத்தி நின்றது. சாப்பிட்டவர்கள் மெஸ்ஸுக்குப் போனார்கள். மெஸ் ருசி பழகிவிட்டால் திரும்ப வருவார்களா என்பதுதான் சுதாவின் கவலை. ஜெகன் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் காஞ்சிபுரம் போய் மிஷினோடு வந்தான். அவள் பெட்டியைக்கூடத் தொடவில்லை.

"என் கை போச்சின்னு நீயே முடிவு பண்ட்டியா?" என்று மட்டும் கேட்டாளாம்.

3

முதல் பிரதியில் ஜெகனைக் கெட்டவனாக்கியிருந்தேன். "தன் வயிற்றுக்கு வேளாவேளைக்குக் கிடைக்க வேண்டும் என்கிற..." என்று ஒரு வாக்கியம். கதைக்கு அது வசதி. ஆனால் எனக்கே நம்பிக்கை வராமல், அவன் மண்டியிலிருந்து திரும்பும்போது நிறுத்திக் கேட்டுவிட்டேன்.

"தூக்கத்துல கூட ஒத்தக் கையால தலகாணிய பிசஞ்சிக்கினு கீறாக்கா. பாத்துக்கினு எப்டி சும்மா இருக்கறது?" என்றான்.

கெட்ட ஜெகனை அதோடு விட்டுவிட்டேன்.

4

மிஷின் உதவாது என்று நிரூபிக்கத்தான் ஒருநாள் சுதா அவனைப் போட்டுக் காட்டச் சொன்னாள். அவன் மாவு முழுவதையும் கொட்டி, தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றிப் பொத்தானை அமுக்கினான். அது உதறிக்கொண்டு மேடையில் நகர்ந்துபோய், கருகல் வாசனையோடு நின்றது. உள்ளே பசை.

இந்த இடத்தில் "சுதா அழுதாள்" என்று எழுதியிருந்தேன். பிரதியைப் படித்துவிட்டு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் எங்க அழுதேன்? மனசுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சி. அதயே எழுதுக்கா."

எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்து சப்பாத்தி எப்போது என்று கேட்டார். சுதா ஸ்டூலை இழுத்து, சூடு ஆறியிருந்த மிஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், ஜெகனைக் கூப்பிட்டாள். பாத்திரத்தில் பாதிக்குமேல் மாவு போட விடவில்லை. மிஷின் ஓடும்போதே மூடியிலுள்ள குழாய் வழியாக நூல் மாதிரித் தண்ணீர் விடச் சொன்னாள். அவள் பார்க்கவில்லை, காது கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கனத்தது, மாவு பாத்திரத்தின் சுவரை விட்டுத் திரண்டு ஒரே உருண்டையாகச் சுழன்றது. நிறுத்தச் சொன்னாள். ஈரத்துணி போட்டு ஊறவிட்டாள். குருமாவுக்கு வெங்காயத்தை நாலாக வெட்டிப் போட்டு, அமுக்கி விடு, அமுக்கி விடு என்றாள்; ஓடவிட்டால் தண்ணீராகிவிடுமாம்.

(ஆசிரியருக்கு: உங்கள் கட்டுரை மேலே உள்ள பத்திதான். வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.)

தேய்த்தது ஜெகன். ஒன்றுகூட வட்டமில்லை. வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள், மறுநாளும் வந்தார்கள். அன்று சுதா இடக்கையால் மாவை அழுத்திப் பார்த்து, பரவாயில்லை என்றாள். மிஷினையா ஜெகனையா என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

5

கட்டைப் பிரித்தாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் சுதா மிஷினை மறுபடி மூலையில் வைக்கிறாள். இன்னொன்றில் கையால் பிசைவதையே விட்டுவிடுகிறாள். படித்துவிட்டு, இரண்டிலும் இருப்பது தானில்லை என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டனுப்பினாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை மாவு பிசைந்திருக்கிறாள், மிஷினில் ஒன்று, கையால் ஒன்று. இரண்டையும் அவளே தேய்த்துச் சுட்டிருந்தாள், எல்லாம் நல்ல வட்டம். ஜெகன் தட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தாள்.

"எது நல்லா கீது?"

ஜெகன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான் என்று எனக்கே தெரிந்தது. அவன் அவசரப்படவில்லை. இதில் ஒரு விள்ளல், அதில் ஒரு விள்ளல் என்று இரண்டையும் தின்று முடித்துவிட்டு, தட்டின் இடப்பக்கத்தைத் தொட்டான்.

"இது."

சுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அதே மாவில் இன்னொன்று சுட்டு அவன் தட்டில் போட்டாள். அது எந்த மாவு என்று நான் எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஆகவே இங்கே ஒரு வரி காலியாக இருக்கிறது. உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் தட்டிலும் ஒன்று வைத்துவிட்டாள், மேலெல்லாம் நெய், ஆறுவதற்குள்...