உடைத்துக் காட்டாத பப்ஸ்

சாணைக்காரர் எதையும் நம்பமாட்டார். மேசை நாற்காலி செய்கிற கம்பெனியில் ரம்பமும் உளியும் தீட்டுவது அவர் வேலை. தன் கையால் தீட்டின உளியைக்கூடக் கட்டைவிரல் நகத்தில் ஒரு இழு இழுத்துப் பார்த்துத்தான் கீழே வைப்பார். டீ வாங்கினால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மனைவி மூடி வைத்த சட்டியைத் திறந்து மோந்து பார்த்துக் கரண்டியால் அடி வாங்கினவர். அந்த அம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். இவர் இன்றைக்கும் மோந்துதான் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு எதிரே ஒரு பப்ஸ் வண்டி வந்து நின்றது.

கம்பெனி வாசலுக்கு எதிர்ச்சாரியில் தள்ளுவண்டி, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு அடியில் தணல். வண்டிக்காரி நாற்பதைத் தாண்டினவள், பேச்சில் யாருக்கும் பயப்படாதவள். மத்தியான மணி அடித்தால் பாதிப் பட்டறை அவளைச் சுற்றித்தான். முதல் நாளே சாணைக்காரர் போய்க் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்.

"உள்ள என்னம்மா வெச்சிருக்கே?"

"உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு."

"நீ சொல்றே. ஒண்ணை உடைச்சுக் காட்டு."

"காசை வெச்சிட்டு நீங்களே உடைச்சுக்குங்க."

"பாக்காம எப்படிக் காசு வெப்பேன்?"

"உடைச்சதை அப்புறம் யார் தலையில கட்டுவேன்?"

"அப்போ உள்ள வேற ஏதோ இருக்கு."

"ஆமா, உங்க புத்தி இருக்கு. வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் மூடி வெச்சிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. சாணைக்காரர் திரும்பி வந்து வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்தார். அதிலிருந்து தினமும் இதே கூத்துதான். இவர் போவார், "உடைச்சியா?" என்பார். அவள், "காசு வெச்சீங்களா?" என்பாள். கண்ணாடிக் கதவு திறக்கும்போது அந்த வாசனைக்கு வாய் ஊறியது உண்மை. அதற்காக இறங்கிப் போகிற ஆளா அவர்?

கம்பெனிக்குள் கேண்டீன் ஒன்று உண்டு. அதை நடத்துகிறவன் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அதனால் பட்டறை முழுக்க அவனை மச்சான் என்றுதான் சொல்லும், அவன் காதில் விழாதபடி. வண்டி வந்ததிலிருந்து கேண்டீன் பெஞ்சுகள் காற்று வாங்கின. வெளித் தின்பண்டம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பலகை மாட்டிப் பார்த்தான். ஆட்கள் தெருவில் நின்று தின்றார்கள்.

இதற்கு நடுவில் சாணைக்காரர் வயிற்றுவலி என்று ஒரு நாள் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் மச்சான், தூசியைக்கூடப் பார்க்காமல், அவர் பக்கத்து மரக்கட்டையில் வந்து உட்கார்ந்தான்.

"பெரியவரே, வயித்துக்கு என்ன ஆச்சு?"

"வலிச்சுது."

"எதனால?"

"வயித்தைக் கேட்டேன். சொல்லலே."

"அந்த வண்டியிலதானே தின்னீங்க?"

"நான் அங்க தின்னதே இல்லே."

"தின்னதா வெச்சுக்குங்களேன். மத்தியானம் சுகாதார ஆபீசர் வர்றார், நான்தான் வரச் சொல்லியிருக்கேன். அந்தப் பப்ஸைத் தின்னுதான் படுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். உங்களுக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க சொன்னா எடுபடும். வண்டி போயிடும்."

சாணைக்காரர் அடுத்த உளியை எடுத்தார். மச்சான் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த வயசுல வெளிய யார் உங்களுக்கு வேலை குடுப்பா? பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு அத்தான்கிட்ட நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

அவன் போன பிறகு சாணைக்காரர் தன் முக்காலியில் இருந்தபடியே சாணைக்கல்லைச் சுழலவிட்டார். சொன்னால் முக்காலி மிஞ்சும், சொல்லாவிட்டால் முக்காலி போகும். விஷயம் அவ்வளவுதான். பப்ஸுக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கு இன்னும் தெரியாது. மச்சானுக்குள் என்ன இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பட்டறை ஆட்கள் கூடிவிட்டார்கள். வண்டிக்காரி கைத்துணியைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சார், எல்லாம் இன்னிக்குக் காலையில பண்ணது சார். பழசுன்னு ஒண்ணுகூட இல்லே."

"அதை உடம்புக்கு வந்தவரே சொல்லுவார்," என்று மச்சான் சாணைக்காரரை முன்னால் தள்ளினான். "சொல்லுங்க பெரியவரே."

வண்டிக்காரி திகைத்துப்போய்ப் பார்த்தாள். "நீங்களா? என்னிக்காவது ஒரு துணுக்கு வாயில வெச்சிருப்பீங்களா நீங்க?"

"நீ சும்மா இரும்மா. கேக்கறது அவரு," என்றார் சாணைக்காரர்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் ஆபீசர்.

"இல்லே."

"வயசாச்சு சார், மறந்துட்டார்," என்றான் மச்சான்.

"மறக்கலே. தின்னதாச் சொல்லுன்னு காலையில நீ சொன்னதுகூட மறக்கலே."

யாரோ பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். மச்சானுக்கு முகம் கறுத்தது. ஆபீசர் நெற்றியைத் தேய்த்தார். "அப்போ பண்டம் நல்ல பண்டம்ங்கறீங்களா?"

"அதை எப்படிச் சொல்லுவேன்? உள்ள என்னன்னு நான் பாக்கவே இல்லியே. இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

வண்டிக்கு அருகே போனார். சட்டைப்பையைத் துழாவிக் காசை எடுத்து வண்டிப் பலகையில் வைத்தார். பட்டறையே வாயைப் பிளந்தது. வண்டிக்காரி காசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கை வரவில்லை.

"எடும்மா. பாத்துட்டே நிக்கிறே?"

அவள் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள். அவர் இரண்டாக உடைத்தார். ஆவி வந்தது. மேல்தோல் பொடிப் பொடியாக உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டியது. பாதியை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ரம்பத்தின் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். விரலால் கிளறினார். மோந்தார். பிறகு வாயில் போட்டு, இருக்கிற நாலு பல்லுக்கும் வேலை கொடுத்து நிதானமாக மென்றார். ஆபீசர், மச்சான், பட்டறை, எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மிளகு தூக்கல். வெங்காயம் இன்னும் வதங்கணும். கெட்டதுன்னு எதுவும் இல்லே."

அதுவரைக்கும் அழுகிற நிலையில் இருந்தவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "என் வெங்காயம் வதங்கலியா? உங்க பல்லுதான் வதங்கிப்போச்சு!"

ஆபீசர் தானும் ஒன்றை உடைத்துப் பார்த்தார். தணலைப் பார்த்தார், தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். "கண்ணாடியை எப்பவும் மூடியே வெச்சிரும்மா," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் சாணைக்காரரிடம் வந்தான். "நாளைக்கு இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

"நாளைக்கா? இன்னிக்கே இன்னும் பாதி நாள் பாக்கி இருக்கு." வண்டிப் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு குடு. இதையாவது உடைச்சுக் காட்டு."

"முதல்ல காசு."

"திமிர் பிடிச்சவ," என்று சொல்லிக் காசை வைத்தார்.

வாங்கின பப்ஸைக் கையில் வெளிப்படையாகப் பிடித்துக் கடித்துக்கொண்டே, பலகை மாட்டின வாசல் வழியாக உள்ளே நடந்தார். வாட்ச்மேன் பலகையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். பின்னாலேயே பட்டறை மேஸ்திரி வந்தார். அவர் கையிலும் ஒன்று இருந்தது.

சாணைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, மிச்சப் பாதியை ரம்பங்களின் மேல் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கல்லை ஓடவிட்டார். மச்சான் கதவருகே வந்து நின்றான்.

"எழுந்திருங்க பெரியவரே. நாளைக்கெல்லாம் வேண்டாம், இப்பவே கிளம்புங்க."

"கையில ரம்பம் இருக்கு. முடியட்டும்."

முடிந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் முடிந்தது. மச்சான் நகரவில்லை. அப்போது மேஸ்திரி ஒரு கை நிறைய உளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டினார். அத்தனையும் காலையில் சாணைக்காரர் தீட்டிக் கொடுத்தவை.

"இதெல்லாம் சரியா இருக்குன்னு எனக்கு நம்பிக்கையே இல்லே," என்றார் மேஸ்திரி, மச்சானைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணு விடாம இன்னொரு தடவை பாத்துடுங்க."

சாணைக்காரர் முதல் உளியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்தார்.