குழாயின் மறுபாதி

தையல்காரருக்குச் சபையில் ‘கடைசி பெஞ்சு’ என்று பெயர். பிரசங்கம் நீண்டால் தலை தொங்கிவிடும். ஆண்டவர் செய்த நன்மையை மைக்கில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் டீ குடிக்க நழுவிவிடுவார். அவர் மனைவி வேறு ரகம். வெல்டிங் பட்டறையில் ஹெல்மெட்டை முகத்தில் இறக்கியதும் ஒரு ஜெபம் முணுமுணுத்துவிட்டுத்தான் வேலையில் கைவைப்பாள்.

“உள்ள யாருகிட்ட அக்கா பேசிக்கிட்டே இருக்கீங்க?” என்று கூட வேலை செய்கிறவர்கள் சீண்டுவார்கள்.

“முதலாளிகிட்ட,” என்பாள்.

அவளுக்கு ஒரு ஆசை. கொதிகலன் குழாய்களை ஒட்டுகிற வெல்டர் ஆகவேண்டும். அதற்குத் தனிப் பரீட்சை உண்டு. இரண்டு முறை போய், இரண்டு முறையும் தோற்றாள். ஒட்டின இடத்தை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே குமிழ்கள். பட்டறையில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் அனுப்புவார்கள். அதுவும் போனால் ஆயுசுக்கும் இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிற வேலைதான்.

“ரெண்டு தடவையும் என் கைய நம்பிப் போனேன்ங்க. இந்தத் தடவ ஆண்டவரோட பெலத்துல போறேன்,” என்றாள். பரீட்சை முடியும்வரை உபவாசம் என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஜெபக் குழுப் பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தையல்காரருக்கோ ஒரே கவலை. பரீட்சை அன்று காலையும் அவள் வாயில் ஒரு பருக்கை போடவில்லை. நெருப்பின் முன்னால் நிற்கப் போகிறவள் இப்படியா கிளம்புவாள்? ஆனால் அவள் ஒன்றை நினைத்துவிட்டால் மாற்ற முடியாது. தனக்குப் பசிக்கும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு அவரும் கூடவே போனார்.

பரீட்சைக் கொட்டகையைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே ஒரு குழாயைச் சாய்த்துப் பிடித்து வைத்திருந்தார்கள். அதைத் திருப்பக்கூடாது. அடியிலிருந்து மேலே ஒரு பாதியை ஒட்டி, பிறகு சுற்றிப்போய் மறுபாதியை ஒட்டவேண்டும். முதல் பாதியை அவள் ஒட்டியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். ஒளி ஒரே சீராக ஏறியது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், “எப்படிப் போகுது பாத்தீங்களா?” என்று கேட்டே விட்டார்.

முதல் பாதி முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொள்ளச் சொன்னார் பரீட்சை அதிகாரி. அவள் வேலியோரம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். உதடு வெளுத்திருந்தது. கையில் பிடித்த தண்ணீர் டம்ளர் ஆடிச் சட்டையெல்லாம் நனைந்தது. அந்தக் கையோடு மறுபாதியை ஒட்ட முடியாது என்று அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

ரொட்டியை வேலி வழியாக நீட்டினார்.

“வேண்டாங்க. ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இப்ப சாப்பிட்டா அவர நம்பலேன்னுதானே அர்த்தம்?”

பிரசங்கத்தில் தூங்குகிறவருக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் வார்த்தை வந்ததோ. “பெலன் வேணும்னு நீதானே அவர்கிட்ட கேட்ட? கொடுத்தனுப்பியிருக்காரு. ரொட்டியா வந்தா வாங்க மாட்டியா?”

அவள் அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ரொட்டியைக் கையில் வாங்கி, நேரம் ஓடிக்கொண்டிருக்க, கண்ணை மூடி நிதானமாக நன்றி சொன்னாள். “சீக்கிரம்மா,” என்று தையல்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு துடித்தார். ரொட்டி, முட்டை, சர்க்கரை தூக்கலான டீ எல்லாம் உள்ளே போனது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

எக்ஸ்ரேயில் ஒரு குமிழ்கூட இல்லை. பாஸ்.

தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களை டேப்போடு நிற்கவைத்து முழுக் கதையையும் சொன்னார். ஒருவருக்குக் கை அளவை எடுக்கவே மறந்துபோனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க ஒரு பயம் பிடித்தது. உபவாசத்தால் வந்த வெற்றி என்று சபை முழுக்கப் பேச்சு. அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ரொட்டிக் கதைய மட்டும் எடுக்காத. உன்னப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவர் டீக்கு நழுவவில்லை.

மைக்கைப் பிடித்ததும் முதல் வார்த்தையே அதுதான். “நான் உபவாசத்த முடிக்கல. பாதியில சாப்பிட்டேன்.” ஜெபக் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வெறும் வயித்தோட இருந்தாத்தான் அவரோட பெலன், சாப்பிட்டா என்னோட பெலன்னு நினைச்சிருந்தேன்,” என்றாள் அவள். “அப்புறம் அந்த எக்ஸ்ரேயக் காட்டினாங்க. பசியோட ஒட்டின பாதி எது, சாப்பிட்டு ஒட்டின பாதி எதுன்னு எனக்கே தெரியல. ரெண்டு பாதியையும் அவர்தான் பிடிச்சிருக்காரு. அந்த ரொட்டியும் அவர் கொடுத்ததுதான். கொண்டுவந்தவரு கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காரு.”

சபையே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார், ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிதாக வந்த ஒருவர் பக்கத்திலிருந்து, “யாருங்க அந்தம்மா?” என்று கிசுகிசுத்தார்.

“என் பொண்டாட்டி,” என்றார் தையல்காரர். அது மேடை வரைக்கும் கேட்டது.