ஓரம் உடைந்த சிப்பி

தேவாலயக் கதவில் ஓர் அட்டை தொங்கும். "சாவி எதிர் வீட்டில். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை தட்டாதீர்கள்." ஒனோரே தன் கையால் எழுதி மாட்டியது. அவன் இறந்து எட்டு மாதமாகியும் அவன் மனைவி ரெஜீன் அதை மாற்றவில்லை. மழையில் எழுத்து கலங்கும்போது மட்டும் அதே கோடுகளின் மேல் பேனாவை ஓட்டிவிடுவாள்.

மோந்த்ரியாக் என்ற அந்தப் பிரெஞ்சுக் கிராமத்துக்கு வருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியுமா என்பதில் அவளுக்கு நெடுநாளாகச் சந்தேகம். ஆற்றில் படகு ஓட்டிவிட்டு நேராக ஏறிவரும் கூட்டம் ஒன்று உண்டு. அரைக்கால் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எண்ணூறு வருடத்துக் கல்தரையில் நின்று, கழிப்பறை எங்கே என்று கேட்கும். இன்னொன்று, நடக்கிற கூட்டம். பனிமலை ஏறப் போவதுபோல இரண்டு கையிலும் இரண்டு தடி. மரங்களில் வழிகாட்ட மயிரிழை பிசகாமல் தீட்டியிருக்கும் மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டே வழி தவறுவார்கள். எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதைக் காலிடம் கேட்காமல் கைக்கடிகாரத்திடம் கேட்பார்கள். இதயம் துடிக்கிறதா என்பதையும் அதனிடம்தான்.

எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: சிப்பி.

பலிபீடத்துக்கு இடப்புறம், நெஞ்சு உயரத்தில், ஒரு கல்லில் உள்ளங்கை அளவுக்குச் செதுக்கிய யாத்திரிகர் சிப்பி; அந்தக் காலத்தில் புனித யாத்திரை போனவர்கள் அடையாளமாக அணிந்தது. பதினோரு வரிகள். கீழே வலப்பக்கம் ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் கிஸ்லேன் போக்ரான். பாரிஸில் பல் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்று, பத்து வருடத்துக்கு முன் ஊருக்கு மேலே பெரிய வீட்டை வாங்கியவர். சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடி, கடைவாயில் சொத்தையைக் கண்டவரைப் போல அன்று கூவினார். அப்புறம் நாற்பது பக்கத்தில் புத்தகம் போட்டார். நடைச் சங்கம் தொடங்கித் தானே தலைவரானார். பதினாலு கிலோமீட்டருக்கு "சிப்பிப் பாதை" வகுத்து, அது தன் வீட்டு வாசல் வழியாகப் போகும்படியும் பார்த்துக்கொண்டார்.

இந்தத் திங்கட்கிழமை மேயர் அனிசே வந்து, தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு நின்றான். அவன் ஒனோரேயின் சித்தப்பா மகன். வாத்து வளர்ப்பவன். நல்ல சேதியாக இருந்தால் தொப்பியைக் கழற்ற மாட்டான்.

"கல்லப் பேத்து எடுத்துட்டுப் போறாங்களாம் ரெஜீன். நகரத்து மியூசியத்துக்கு. ஆளுங்க தொட்டுத் தொட்டுத் தேயுதாம். இங்க அச்சு அசலா ஒரு பிளாஸ்டிக் கல்லு வெச்சுடுவாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கையெழுத்துப் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழம ஒரு அம்மா வந்து பாத்துச் சரின்னுட்டா முடிஞ்சுது."

"படிச்சுப் பாத்தியா?"

"ஆறு பக்கம் ரெஜீன்," என்றான் அவன், அதுவே போதுமான பதில் என்பதுபோல.

அந்தக் கல்லைப் பற்றிய உண்மை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. இப்போது ஒருத்திக்கு.

1978-இல் தேவாலயத்தின் வடக்குச் சுவர் சரிந்தபோது அதைத் திரும்பக் கட்டிய கொத்தன் ஒனோரே. அவன் கடைசிக் கல்லை வைத்துக்கொண்டிருந்தபோது தொப்பியும் கையுறையுமாக ஒரு பாரிஸ்காரி உள்ளே வந்தாள். நாலு பக்கமும் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். போய்விட்டாள். ஒனோரே கரண்டியைக் கீழே வைத்தான்.

"இவங்களுக்குப் பாக்க எதாவது வெச்சுத்தான் அனுப்பணும் போல. ரெஜீன், வீட்டுலேர்ந்து ஒரு சிப்பி எடுத்துட்டு வா."

கிறிஸ்துமஸுக்கு வெண்ணெய் தடவி ரொட்டித்தூள் தூவி அடுப்பில் வைக்கிற சிப்பி ஓடுகள் ஆறு அவளிடம் இருந்தன. ஓரம் உடைந்ததையே எடுத்து வந்தாள், நல்லதைக் கெடுப்பானேன். அவள் கல்லின்மேல் அழுத்திப் பிடிக்க, அவன் சுற்றிலும் கோடு கீறினான். "ஆட்டாமப் பிடிடீ." உளி ஒரு தடவை வழுக்கி அவள் கட்டைவிரலில் இறங்கியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வெட்டி முடித்ததும் புகைக்கரியும் பசுஞ்சாணமும் குழைத்துப் பூசினான். ஒரே மத்தியானத்தில் கல்லுக்கு ஐந்நூறு வயது கூடிவிட்டது.

முப்பத்தைந்து வருடம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் போக்ரான் வந்தார். ஊர் மன்றத்தில் புத்தகத்தை உரக்கப் படித்தார். "உடைந்த ஓரம் தற்செயல் அல்ல. வழியில் துணையை இழந்த ஒரு யாத்திரிகனின் துக்கக் குறி அது." பெஞ்சுக்குக் கீழே ஒனோரே அவள் காலை மிதித்தான். சிரிப்பை அடக்கி அவன் உதடு ரத்தம் கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் இருந்தவரை, சூப் தட்டின் அடியில் மிஞ்சியதில் ஒயினை ஊற்றிக் குடிக்கும்போதெல்லாம் ஒனோரே தட்டைத் தூக்கி, "துக்கக் குறிக்கு!" என்பான்.

அவன் அடக்கத்தன்று போக்ரான் பேசினார். "அந்தப் பழஞ்சிப்பியின் எளிய காவலர்" என்று சொன்னார். ரெஜீனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. காலை நகர்த்தினாள். பக்கத்தில் மிதிக்கக் கால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது.

வாசலில் போக்ரான். அவருக்குப் பின்னால் தடிகளோடு இருபது பேர். ஓரமாக, தோளில் பை மாட்டிய ஒரு மெலிந்த பெண்.

"மதாம் வெர்னியோல்! இவங்கதான் மதாம் தெலூஷ், மியூசியத்துலேர்ந்து. சாவியக் கொஞ்சம்..."

"கதவுல அட்ட இருக்கு."

"தெரியும் தெரியும். ஆனா இவங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து..."

"நான் சூப்பு குடிக்கணும்."

"ரெண்டே நிமிஷம் மதாம்!"

"நீங்க பல்லு புடுங்கும்போது நடுவுல வந்து ரெண்டு நிமிஷம்னு கேட்டா எந்திரிச்சுப் போவீங்களா முசியே?"

அனிசே பின்னாலிருந்து, "அவ சொல்றதும் சரிதான், மணி பன்னெண்டே கால் ஆவுது," என்றான். அவன் வயிறும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கும். மதாம் தெலூஷ் வாதுமை மரத்தடிக்குப் போய்ப் பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். அவளாவது படிக்கத் தெரிந்தவள் என்று ரெஜீன் நினைத்தாள்.

சன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. இருபது பேரும் வெயிலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். நின்ற இடத்தில் நின்றால் இதயம் எவ்வளவு அடிக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டார்கள். ஒருவன் தேவாலயத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தன் முகத்தோடு அதைப் படம் எடுத்தான். இன்னொருத்தி சுவரில் கன்னத்தை வைத்து, "கல்லு பேசுது," என்றாள். அது ஒனோரே அரைமூட்டை சிமென்ட் கலந்து பூசிய இடம்.

ரெஜீன் சூப்பைக் குடித்தாள். கடைசியில் ஒயினை ஊற்றினாள். அலமாரியில் ஆறு சிப்பிகளும் அடுக்கியிருந்தன. வாயைத் திறந்தால் அவர்கள் இருவருடைய சிரிப்பை இந்தக் கூட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்ததாகிவிடும். ஒனோரே இருந்தால் கொடுக்க மாட்டான். மூடிக்கொண்டிருந்தால் ஒனோரேயின் கல் நகரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய், துக்கக் குறி என்ற சீட்டோடு உட்காரும். இவள் தினமும் காலையில் கதவைத் திறந்து பிளாஸ்டிக்கைத் துடைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒன்று போகும். தட்டைக் கழுவித் துடைத்து வைத்தாள். இரண்டு அடித்ததும் சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். அலமாரியிலிருந்தும் ஒன்றை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போக்ரான் இருபது நிமிடம் பேசினார். மதாம் தெலூஷ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓரம் உடைஞ்சது பாருங்க," என்றார் போக்ரான், குரலைத் தாழ்த்தி. "எத்தனை துக்கம்!"

"அது துக்கம் இல்ல," என்றாள் ரெஜீன். "அடுப்புலேர்ந்து எடுக்கும்போது என் மாமியார் கீழ போட்டாங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பாவம், வயசான காலத்துல தனியா..." என்று போக்ரான் மதாம் தெலூஷின் காதருகே சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

ரெஜீன் ஏப்ரனிலிருந்து சிப்பி ஓட்டை எடுத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கல்லின்மேல் வைத்தாள். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. உடைந்த இடத்தில் உடைந்த இடம். கட்டைவிரலை நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் வைத்த அதே இடத்தில் வைத்தாள். தழும்பின் நேர்கீழே, கல்லில் உளி வழுக்கிய கீறல் இருந்தது.

மதாம் தெலூஷ் பூதக்கண்ணாடியை முதலில் கல்லுக்கும் பிறகு விரலுக்கும் கொண்டுபோனாள்.

"எந்த வருஷம் மதாம்?"

"எழுபத்தெட்டு. மே மாசம். என் புருஷன் வேலை."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே. பாத்ததும் நீங்கல்லாம் எங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க."

அனிசேதான் முதலில் வெடித்தான். தொப்பியால் வாயை மூடியும் நிற்கவில்லை. போக்ரானின் முகம் ஈறின் நிறத்துக்கு வந்தது. "இது மோசடி! பாரம்பரியத்த அவமானப்படுத்துறது! உங்க புருஷன் ஒரு..."

"கொத்தன்," என்றாள் ரெஜீன். "நீங்க சாஞ்சு நிக்குற சுவரும் அவர் கட்டினதுதான். வேணாம்னா நகந்துக்குங்க."

அவர் நகர்ந்துகொண்டார்.

கூட்டத்திலிருந்து ஒருவன் பரிதாபமாகக் கேட்டான்: "அப்போ நாங்க பதினாலு கிலோமீட்டர் எதுக்கு நடந்தோம்?"

"அத உங்க கடியாரத்துகிட்ட கேளுங்க."

மதாம் தெலூஷ் பையை மூடினாள். "கல்லு எங்களுக்கு வேணாம், முசியே மேயர். அது இருக்குற எடத்துலயே இருக்கட்டும்," என்றாள். வாசலில் நின்று ரெஜீனைப் பார்த்து, "நல்ல வேலை மதாம்," என்று மட்டும் சொன்னாள். அன்று அந்தத் தேவாலயத்தில் பேசப்பட்டதில் அது ஒன்றுதான் உருப்படியான பேச்சு.

வாரத்துக்குள் மரங்களில் மஞ்சள் கோட்டின் மேல் பெருக்கல் குறி விழுந்தது; இந்த வழி வராதே என்று அர்த்தம். சிப்பிப் பாதை இப்போது ஆற்றோரத்துப் பழைய ஆலைக்குப் போகிறது. போக்ரான் அங்கேயும் ஏதோ கண்டுபிடித்துவிட்டாராம்.

கூட்டம் போன அன்று மாலை ரெஜீன் தனியாகத் திரும்பவும் உள்ளே போனாள். சிப்பியைக் கல்லில் வைத்துப் பார்த்தாள். "துக்கக் குறிக்கு," என்றாள். சிரிப்பு வந்தது. சுவரில் மோதித் திரும்பி வந்தபோது அதில் ஒரு குரல்தான் இருந்தது.

பிறகு கதவைப் பூட்டினாள். அட்டையைக் கழற்றி வீட்டு மேசைக்குக் கொண்டுவந்து, ஒனோரேயின் எழுத்துக்குக் கீழே முதல் தடவையாகத் தன் எழுத்தில் எழுதினாள்:

"உள்ளே இருக்கும் சிப்பி, 1978. வெட்டியவர் ஒனோரே வெர்னியோல். பிடித்துக்கொண்டவள் அவர் மனைவி. விவரம் கேட்டுத் தட்ட வேண்டாம்."