மச்சானின் புது பிக்கப்

டெக்சாஸில் சனிக்கிழமை ஏரிக்குப் போகாத குடும்பம் உண்டா? ராய்ஸும் போனான், தன் பழைய பிக்கப் டிரக்கில் தனியாக. மனைவி லோர்னாவும் மகள் கேசியும் மச்சான் டேலின் புது வண்டியில் ஏறிக்கொண்டார்கள். வீடு மாதிரி உயரமான அந்த வண்டியைப் பின்தொடர்ந்து வழி முழுக்க ராய்ஸ் வயிறெரிந்தான். ஒரு கீறல்கூட இல்லையே, படுபாவி வண்டியில்!

ஏரிக்கரைச் சரிவில், புது வண்டியில் மாட்டியிருந்த படகு டிரெய்லரை டேல் ஒரே மூச்சில் தண்ணீருக்குள் ரிவர்ஸ் எடுத்தான். வரிசையில் காத்திருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

"பார்த்தியாப்பா? நீ நாலு தடவையாவது முன்னாடி பின்னாடி போவியே!" என்றாள் கேசி.

அதற்குச் சற்று முன்பு, படகின் பின்னால் நின்றபோதுதான் ராய்ஸ் அதைக் கவனித்திருந்தான். கரையேறியதும் உள்ளே தேங்கிய தண்ணீரை வடியவிடும் அடி ஓட்டையில் மூடி இல்லை. வாயைத் திறக்கவில்லை. ஊர் முன்னால் மச்சான் மூக்குடையட்டும்!

டேலும் லோர்னாவும் கேசியும் ஏறிப்போன படகு பத்தே நிமிடத்தில் பாதி மூழ்கிக் கரைக்குத் திரும்பியது. லோர்னாவும் கேசியும் முழங்கால்வரை நனைந்து இறங்கினார்கள். பிரியாணிச் சட்டி அளவு இருந்த பார்பிக்யூ இறைச்சித் தட்டு ஏரியோடு போய்விட்டது.

"என்ன மச்சான், மூடி போடலையா? எப்பவும் நீதானே போடுவ! பின்னாடி நீ நின்னியேன்னுதான் நான் பார்க்கவே இல்ல," என்றான் டேல்.

லோர்னா ஈரத்துணியைப் பிழிந்தபடியே கேட்டாள்: "அவ்வளவு நேரம் அங்க நின்னு என்னத்தப் பார்த்துக்கிட்டு இருந்த?"

"வண்டியை," என்றான் ராய்ஸ்.