மலை பஸ்ஸுக்கு முன்னால் முடியும் பாடம்

2025 ஜனவரி 3, வெள்ளி

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பாஞ்சாலி அக்காவிடம் கேட்காமலே அவருக்குப் பாடம் போட்டுவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆறாம் செமஸ்டருக்கு, அதாவது எங்கள் கடைசி செமஸ்டருக்கு, வேறு துறைப் பாடம் ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் இன்று காலை பத்து மணி முதல் நான்கு மணி வரை மட்டும் திறந்திருந்தது. மாலைக் கல்லூரியில் படிக்கிறவர்கள் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு செமஸ்டரும் என் வகுப்பில் எல்லோருக்கும் நான்தான் போட்டுத் தருகிறேன். அரூர் பஸ் நிலையத்தருகே பிரவுசிங் சென்டரில் வேலை பார்ப்பதால் என்னை வகுப்புத் தலைவனாக வைத்திருக்கிறார்கள். வேறு தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் யாருடைய பக்கமும் திறந்துவிடும்.

இந்த முறை ஆறு பாடங்கள்; பட்டியல் டிசம்பர் கடைசியிலேயே பலகையில் வந்துவிட்டது. பட்டுப்புழு வளர்ப்பு, சுற்றுலா, பேரிடர் மேலாண்மை மூன்றும் ஐந்தரைக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்கு முடிகின்றன. புள்ளியியல், இதழியல், தொடக்கநிலைக் கன்னடம் மூன்றும் ஏழு மணி முதல் எட்டேகால் வரை.

எல்லோரிடமும் போனில் கேட்டேன். பாஞ்சாலி அக்கா மட்டும் கிடைக்கவில்லை. சித்தேரியில் சாமையும் தினையும் கொள்முதல் செய்யும் சங்கத்தில் வேலை. மலையில் டவர் எங்கே வரும், எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மூன்றரை வரை பார்த்தேன். பிறகு பட்டுப்புழு வளர்ப்பில் போட்டேன். மலைக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. சித்தேரிக்காரர்களுக்கு நாங்கள் பாடம் பார்ப்பதில்லை, பஸ்தான் பார்ப்போம். கதவோரப் பெஞ்சை அவர்களுக்கென்றே விட்டுவைத்திருக்கிறோம். ஆறே முக்காலுக்கு அவர்கள் எழுந்தால் ஆசிரியர்களே ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அவருக்குச் செய்தி அனுப்பினேன். இன்னும் ஒற்றை டிக்கில் நிற்கிறது. தவறு என்று எழுதினேனே, அது சரியான சொல்லா என்றும் தெரியவில்லை. வேறு எதைப் போட்டிருக்க முடியும்?

2025 ஜனவரி 6, திங்கள்

முடிந்தவரை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குக் கல்லூரிக்குப் போனபோது பாஞ்சாலி அக்கா படிக்கட்டில் நின்றிருந்தார். கையில் புது டிபன் பாக்ஸ், தோளில் பெரிய பை. முகத்தில் அப்படி ஒரு களை.

“மாதவா, நான் கீழ வந்துட்டன். சனிக்கிழமையே வந்துட்டன். சுசித்ரா கூட ரூம் எடுத்துருக்கறன். எங்கூட்ல ஒரு வாரம் சண்ட. அப்பா பேசறதே இல்ல. போன் வேற தண்ணில வுழுந்து செத்துப்போச்சு.”

சுசித்ரா துணிக்கடையில் வேலை பார்க்கும் எங்கள் வகுப்புப் பெண். நான் சந்தோஷமாகத்தான் கேட்டேன்: “ஏங்க்கா திடீர்னு?”

“புள்ளியியல் ஏழு மணிக்குத்தான? பஸ்ஸ வச்சிக்கிட்டு அத எப்படிப் படிக்கறது? சேலத்துல எம்.ஏ. மக்கள்தொகையியல் சேரணும்னா டிகிரில ஒரு புள்ளியியல் பேப்பர் இருக்கணுமாம். மூணு வருசமா நம்ம காலேஜுல அது வரவே இல்ல. இப்பத்தான் வந்துருக்குது. ஆமா, எனக்கு அதத்தான போட்ட?”

நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

“என்னடா?”

“பட்டுப்புழு போட்டுட்டன்க்கா.”

முதலில் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இதுவரை யார் முகமும் என் முன்னால் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

“யாரக் கேட்டுப் போட்ட?”

“போன் போகல. பஸ் ஏழு மணிக்குங்கறதால...”

“பஸ்ஸுல ஏறவா நான் டிகிரி படிக்கறன்?”

உரக்கக்கூடச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைப் படியில் வைத்துவிட்டு அறிவிப்புப் பலகையை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அங்கே அடுத்த அடி காத்திருந்தது. புள்ளியியலுக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: ‘பதினொருவர் மட்டும். இப்பாடம் நடத்தப்படாது.’

குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும் என்பது விதி. பன்னிரண்டாவது ஆளை நான் பட்டுப்புழுவில் போட்டு வைத்திருக்கிறேன். பாஞ்சாலி அக்கா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார், மை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போல.

அலுவலகத்தில் தெரசா மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். சொன்னேன். நடுவில் இரண்டு முறை திக்கினேன்.

“நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பட்டியல ஏத்திடுவேன்,” என்றார். “அதுக்கு முன்னாடி, பிரின்சிபால் பத்து மணிக்கு வந்ததும், மாறுறவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா மாத்தலாம். பன்னெண்டு சேர்ந்துட்டா பாடம் நடக்கும்.”

எனக்கு மூச்சு வந்தது. “சேர்ந்துரும்ங்க மேடம். அக்கா வந்தா பன்னெண்டு.”

மேடம் கணினியில் ஏதோ தட்டினார். “இல்லப்பா, பதினொண்ணு. மத்தியானம் ஒருத்தர் வந்து கன்னடத்துக்கு மாறிக்கிட்டாரு.”

“யாருங்க மேடம்?”

“முனியப்பன்.”

எங்கள் முனியப்பன்தான். பெட்ரோல் பங்க்கில் வேலை, கடத்தூர்க்காரன். வகுப்பறையில் வடை தின்றுகொண்டிருந்தான். திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன், கெஞ்சினேன்.

“மூடற கடைக்குள்ள எவனாவது நுழைவானா? போர்டப் பாத்தன், மாறிட்டன். மறுபடியும் மாறவா? லீவு போட்டுட்டுப் போயிருக்கறன்யா. நாளைக்கும் போட்டா மொதலாளி வெளியத் தள்ளிருவாரு.” பிறகு விரலை நக்கிக்கொண்டே கேட்டான்: “ஏன், நீ போயேன். உங்க அம்மா வூட்ல எல்லாரும் கன்னடம்தான பேசறீங்க? வூட்ல பேசறதுக்கே காலேஜுல மார்க் வாங்கப் பாக்கறயா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முனியப்பன் சொன்னது உண்மை. கன்னடம் சுலபம் என்றுதான் போட்டுக்கொண்டேன். புள்ளியியல் என்ற பெயரைப் பார்த்ததுமே அந்தப் பக்கம் போகவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டாம் முறைதான் தேறினேன். கடைசி செமஸ்டரில் தோற்றால் டிகிரி அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

வாசலில் பாஞ்சாலி அக்கா நின்றிருந்தார். முனியப்பன் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

“நீ ஒண்ணும் பண்ண வேணாம்,” என்றார். “எனக்குப் பாவம் பாத்து நீ போட்டதே போதும்.”

பட்டுப்புழு வகுப்புக்கும் போகவில்லை, ரூமுக்கும் போகவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆறே முக்காலுக்குச் சித்தேரிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் ரோசம்மாளைத்தான் வெள்ளிக்கிழமை கடைசியாகப் போனில் பிடித்தேன். அவளிடம் மெதுவாக, “உனக்கு ஏதாச்சும் மாத்தணுமா?” என்று கேட்டேன். “எனக்கு இதேதான் வேணும்ண்ணா, பஸ்ஸ வுட்டா எங்க படுக்கறது?” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் விஷயத்தில் நான் நினைத்தது சரி. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

பஸ் கிளம்பும் ஹாரன் கேட்டது. பாஞ்சாலி அக்கா தலையைத் திருப்பவில்லை. மூன்று வருடத்தில் அந்த பஸ் கிளம்பும்போது அவர் அதில் இல்லாமல் நான் பார்த்தது இன்றுதான். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எதிரில் போய் நின்றேன்.

“அக்கா, ஒண்ணு கேட்கட்டுங்களா?”

“கேளு.”

“நானும் புள்ளியியலுக்கு வரட்டுங்களா? வேணாம்னா சொல்லிருங்க. இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் செய்யறன்.”

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கோபம் போய்விட்டதாக எழுத முடியாது. போகவில்லை.

“உனக்குக் கணக்கு வருமாடா?”

“வராதுங்க்கா.”

“ஃபெயிலாப் போனா எம்மேல பழி போடுவியா?”

“மாட்டன்.”

“ம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “பத்து மணிக்கு முன்னாடியே ஆபீஸ் வாசல்ல இரு. எம் பேர நான் எழுதிக்கறன். நீ தொடாத.”

படியில் மறந்து வைத்திருந்த டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

என் ஊர் மொரப்பூர் வரும் வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் செய்தது சரியா, இல்லை இன்னொரு தவறா என்று இப்போதும் தெரியவில்லை.

நாளை செய்ய வேண்டியது: முதலாளி சின்னராஜ் அண்ணனிடம் காலையிலேயே சொல்லிவிட்டு அரை நாள் லீவு எடுக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்குக் கல்லூரி அலுவலகம். கன்னடத்திலிருந்து என் பெயரை எடுத்துப் புள்ளியியலில் கையெழுத்துப் போட வேண்டும். மாலை ஏழு மணிக்கு முதல் வகுப்பு.